ஆகாயத்தில் ஓர் இட்டேரி

கொங்கு நாட்டுக் கிராமங்களில் நடந்து பழகியவர்களுக்கு இட்டேரி என்றால் இன்னதென்று சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஜில்லா வாசகர்களுக்காகச் சொல்கிறோம்: இரண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும் அடர்ந்த வேலி, நடுவே ஒரே ஒரு வண்டி போகக்கூடிய தடம். அதில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்துவிட்டால் யாராவது ஒருவர் ஒதுங்கியே தீர வேண்டும். பார வண்டி பின்வாங்க முடியாது. ஆகையால் வெறும் வண்டிக்காரர்தான் மாட்டைத் திருப்பி, வேலி சற்று அகன்ற இடமாகப் பார்த்து ஒதுங்கி நிற்பார். இருட்டு வேளையில் ஒருவர் வருவதை மற்றவர் அறிய மாட்டின் கழுத்து மணியும், வண்டியின் அடியில் தொங்கிய லாந்தரும் உதவின.

அத்தகைய குறுகிய தடம் ஒன்று இப்போது நம் தலைக்குமேலேயே உண்டாகிவிட்டது. தரையிலிருந்து நானூறு ஐந்நூறு அடி வரையுள்ள ஆகாயந்தான் அது. முன்பு காக்கைக்கும் பருந்துக்கும் சிறுவர்களின் காற்றாடிக்கும் சொந்தமாயிருந்த அந்த இடத்தில், ஆள் ஏறாமல், கீழே நிற்கும் ஒருவர் கைப்பெட்டியைக் கொண்டு ஓட்டும் சின்னஞ்சிறு விமானங்கள் பறக்கின்றன. ஜனங்கள் அவற்றை ‘டிரோன்’ என்கிறார்கள். அதே ஆகாயத்தின் வழியாகத்தான் ஆளேறிய விமானங்கள் தரைக்கு இறங்குகின்றன. ஹெலிகாப்டர்கள் மலைக்குப் போகின்றன. யாருக்கு யார் ஒதுங்குவது? ஒருவர் வருவதை மற்றவர் எப்படி அறிவது? உலகத்து விமான நிபுணர்கள் யாவரும் மண்டையை உடைத்துக் கொள்ளும் இந்தக் கேள்வி, கோயமுத்தூர்க்காரர்களுக்கு மற்றவர்களைக் காட்டிலும் சற்று அதிகமாகவே பொருந்தும்.

எட்டு மைலில் இரண்டு விமானத் தளங்கள்

பீளமேட்டில் 1940-இல் தொடங்கிய விமான நிலையம் ஒன்று. அங்கிருந்து கிழக்கே சுமார் எட்டு மைல் தூரத்தில், இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் கடற்படையார் பயன்படுத்திய சூலூர் தளம் மற்றொன்று. முன்னதில் பிரயாணி விமானங்கள். பின்னதில் நம் தேசத்து விமானப் படை. நம் நாட்டிலேயே உருவான ‘தேஜஸ்’ போர் விமானங்களின் முதல் படைப்பிரிவு 2018-இல் சூலூருக்கு வந்தது. இரண்டாவது பிரிவும் 2020 மே மாதத்தில் அங்கேயே அமைந்தது. 2024 ஆகஸ்டில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் ஆகிய தேசங்களின் விமானங்கள் வந்து நம்மவர்களுடன் கூட்டுப் பயிற்சி செய்ததும் சூலூரில்தான்.

போர் விமானம் பெரும்பாலும் உயரத்தில் பறப்பது. நம் விஷயத்தில் அதைவிட முக்கியமானது ஹெலிகாப்டர். 2023 ஏப்ரலில் ஆலாந்துறைப் பக்கத்து மலைக்காடு பற்றி எரிந்தபோது, விமானப் படையின் ஹெலிகாப்டர் மலம்புழா அணையில் பெரிய வாளியால் நீர் மொண்டு வந்து நெருப்பின்மீது கொட்டியது. 2024 மார்ச்சில் குன்னூர் அருகே காட்டுத் தீ பரவியபோதும் அதே விதமான உதவி கிடைத்தது. இப்படிப்பட்ட வேலையில் ஹெலிகாப்டர் மரத்தின் தலையைத் தொடுமளவுக்குத் தாழ வேண்டியிருக்கிறது. புகை கண்ணை மறைக்கும், மலைக்காற்று தள்ளும், கீழே வாளி ஊசலாடும். 2021 டிசம்பர் 8-ஆம் தேதி சூலூரிலிருந்து வெல்லிங்டனுக்குப் புறப்பட்ட ஹெலிகாப்டர் குன்னூர் அருகே மேகத்துள் புகுந்து மலையில் மோதியதையும், ஜெனரல் பிபின் ராவத் உட்பட அதில் சென்ற பதினான்கு பேரும் உயிரிழந்ததையும் இந்நாட்டில் யார் மறக்க முடியும்? அந்த விபத்துக்கும் டிரோனுக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. ஆனால் இந்த மலைகளுக்கிடையே தாழப் பறக்கும் விமானிக்கு ஏற்கெனவே எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை.

கீழிருந்து எழும்புகிறவர்கள்

மறுபக்கத்தையும் பார்ப்போம். டிரோன் என்றதும் பணக்கார வீட்டுப் பிள்ளையின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்தால் அது தப்பு. காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்திலும் பவானிக் கரையிலும் பயிருக்கு மருந்தடிக்க ஆள் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பதை விவசாயக் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும். கிடைத்தாலும் பதினைந்து இருபது கிலோ பாரத்தை முதுகில் சுமந்து, மருந்துப் புகையில் மூழ்கி அவர் நடக்க வேண்டும். பத்து லிட்டர் தொட்டி பூட்டிய டிரோன் அந்த ஒரு ஏக்கரை ஏழெட்டு நிமிஷத்தில் முடித்துவிடுகிறது. மருந்து மனிதரின் மூச்சில் போவதும் வெகுவாகக் குறைகிறது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000-க்கு இந்த யந்திரத்தைக் கொடுத்துப் பயிற்சியும் அளிப்பதென்று மத்திய மந்திரிசபை 2023 நவம்பரில் முடிவு செய்தது. யந்திர விலையில் 80 சதவிகிதம், 8 லட்ச ரூபாய்க்கு மேற்படாமல், சர்க்கார் மானியம்; பயிற்சி 15 நாள். நேற்று வரை களையெடுக்கப் போன பெண்மணி இன்று விமானி ஆகிறார் என்றால், அதைச் சின்ன விஷயமென்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

இரவில் தோட்டத்துக்குள் இறங்கும் யானைக் கூட்டம் எங்கே நிற்கிறதென்று, உடற்சூட்டை அறியும் காமிராவைப் பறக்கவிட்டு வனத்துறையார் பார்க்கிறார்கள். அவிநாசி ரோட்டுக் கல்யாண மண்டபங்களில் முகூர்த்தப் படம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். டிரோன் இல்லாத கல்யாணம் இப்போது நாகஸ்வரம் இல்லாத கல்யாணம் மாதிரி ஆகிவிட்டது! விமான நிலையமும் அதே அவிநாசி ரோட்டை ஒட்டித்தான் இருக்கிறதென்பதைப் படம் பிடிக்கிறவரும் மறக்கிறார். பெண் வீட்டாரும் மறக்கிறார்கள்.

கண்ணை நம்பிப் பயனில்லை

ஆகாயப் போக்குவரத்தின் ஆதி விதி, ‘பார், விலகு’ என்பதே. இரண்டு விமானிகள், நான்கு கண்கள். டிரோன் விஷயத்தில் இந்த விதி அடியோடு உடைந்துபோகிறது. டிரோனில் கண் கிடையாது. காமிரா உண்டென்றாலும் அது நேரே முன்னாலோ கீழேயோ பார்க்குமேயொழியப் பக்கவாட்டில் வரும் விமானத்தைப் பார்க்காது. விமானியோ டிரோனைப் பார்க்க முடியாது. இறங்கும் பிரயாணி விமானம் ஒரு செகண்டுக்குச் சுமார் 70 மீட்டர் போகிறது. ஒரு முழ அகலமுள்ள சாம்பல் நிறப் பொருளை முந்நூறு மீட்டர் தூரத்தில் அவர் கண்டுபிடித்துவிட்டார் என்றே வைத்துக் கொள்வோம். மோதுவதற்கு மிச்சமிருப்பது நாலே செகண்டு. அதற்குள் அவ்வளவு பெரிய விமானம் எங்கே விலகுவது?

பெரிய விமானங்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ள வேறொரு சாதனம் உண்டு. ஒவ்வொன்றும் தன் அடையாளத்தையும் உயரத்தையும் ரேடியோ மூலம் சொல்லிக்கொண்டே போகும். அதுதான் ஆகாயத்து மாட்டுமணி. சாதாரண டிரோனில் அந்த மணி இல்லை.

பறவைகளும் விமானத்தில் மோதுகின்றனவே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் பறவை சதையும் இறகும். டிரோனில் இருப்பவை மோட்டாரும் பாட்டரியும். ஒரே எடையுள்ள பறவையைவிட டிரோன் விமானத்துக்கு அதிகச் சேதம் உண்டாக்கும் என்று அமெரிக்கச் சர்வகலாசாலைகள் கூடிச் செய்த ஆராய்ச்சி 2017-இல் கண்டது.

இதெல்லாம் ஊகமல்ல. அதே 2017 அக்டோபரில் கானடாவின் க்யூபெக் நகரில் எட்டுப் பேருடன் இறங்கிக்கொண்டிருந்த சிறு விமானத்தின் இறக்கையில், சுமார் 1,500 அடி உயரத்தில் டிரோன் மோதியது. அந்த நாட்டில் அப்போது டிரோனுக்கு அனுமதித்த உயரம் 300 அடிதான். அதற்கு மூன்று வாரம் முன்னால் நியூயார்க் அருகே இராணுவ ஹெலிகாப்டர் ஒன்றில் மற்றொரு டிரோன் மோதிச் சுழல் இறக்கையைச் சேதப்படுத்தியது. ஓட்டியவர் இரண்டரை மைலுக்கு அப்பால் நின்று கைப்பெட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணை செய்கிறவர்கள் அவரிடம் வந்து சொன்ன பிறகுதான் மோதல் நடந்த விஷயமே அவருக்குத் தெரிந்தது! இந்த இரண்டிலும் விமானங்கள் பத்திரமாக இறங்கின.

நம் மலைகளை நினைத்துக்கொண்டு படிக்க வேண்டியது மூன்றாவது சம்பவம். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சுற்றிக் காட்டுத் தீ பற்றி எரிந்தது. தீயை அணைக்கத் தண்ணீர் கொட்டும் விமானங்கள் கானடாவிலிருந்து வந்திருந்தன. ஒருவர், தீ எப்படி எரிகிறதென்று பார்க்கும் ஆசையில், கட்டடத்தின்மேல் நின்று டிரோனை ஒன்றரை மைலுக்கு மேல் அனுப்பினார். அது கண்ணுக்கு மறைந்தது. தண்ணீர் விமானத்தின் இறக்கையில் மோதிப் பொத்தல் போட்டது. விமானம் இறங்கிவிட்டது. ஆனால் நெருப்பு ஊரை எரித்துக்கொண்டிருந்த நாட்களில் அது ரிப்பேருக்காக நின்றுவிட்டது. ஆலாந்துறை மலையில் ஹெலிகாப்டர் வாளியோடு வரும் நேரத்தில், ‘வீடியோ’ எடுக்கும் உற்சாகத்தோடு ஓர் இளைஞர் டிரோனைக் கிளப்பினால் என்ன ஆகும்? மோத வேண்டும் என்பதுகூட இல்லை. டிரோன் ஒன்று அங்கே பறக்கிறதென்ற சந்தேகம் வந்தாலே ஹெலிகாப்டர் திரும்பிப் போக வேண்டியதுதான். லண்டன் காட்விக் விமான நிலையத்தில் 2018 டிசம்பரில் டிரோன் தென்பட்டதாகச் செய்தி வந்து, சுமார் ஆயிரம் விமானப் பயணங்கள் தடைப்பட்டு, ஒரு லட்சத்து நாற்பதினாயிரம் பிரயாணிகள் தவித்தார்கள். அதைச் செய்தவர் யாரென்று போலீஸார் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை.

பச்சை, மஞ்சள், சிவப்பு

ஆளில்லாத விமானத்தைப் பற்றிய கவலை புதிதல்ல. 1944 டிசம்பரில் சிகாகோவில் உலக தேசங்கள் கூடிச் செய்த விமான உடன்படிக்கையின் எட்டாவது ஷரத்தே, விமானியில்லாத விமானம் ஒரு தேசத்தின்மேல் அதன் விசேஷ அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாதென்றும், பறந்தால் மற்ற விமானங்களுக்கு அபாயமில்லாதபடி கட்டுப்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது.

நம் சர்க்கார் 2021 ஆகஸ்ட் 25-ஆம் தேதி டிரோன் விதிகளை வெளியிட்டார்கள். ஆகாயத்தை மூன்று வர்ணமாகப் பிரித்தார்கள். பச்சையில் தரையிலிருந்து 120 மீட்டர், அதாவது 400 அடி வரை, முன் அனுமதி வேண்டியதில்லை. மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய சர்க்காரின் அனுமதி இல்லாமல் முடியாது. விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் 60 மீட்டர்தான் பச்சை. அதற்கு மேல் மஞ்சள். 8 கிலோமீட்டருக்கு உள்ளே அனுமதியின்றி ஓர் அடிகூட எழும்பக் கூடாது.

பீளமேட்டை மையமாக வைத்து இந்த வளையங்களைப் படத்தில் போட்டுப் பாருங்கள். சிங்காநல்லூர், இருகூர், நீலாம்பூர், கணபதி, காந்திபுரம், ஆர்.எஸ். புரம் என்று அநேகமாக நகரம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். சூலூர் இராணுவத் தளத்தின் கட்டுப்பாடு கிழக்கே அதோடு சேர்ந்துகொள்கிறது. இதனால்தான் மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் தாராளமாகச் செய்யும் காரியத்தை, நம் நகரத்தில் வசிப்பவர் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

நாம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்களாதலால், இந்த எண்களைக் கணக்குப் போடாமல் விட முடியவில்லை. பிரயாணி விமானம் சாதாரணமாக 3 டிகிரிச் சரிவில் இறங்குகிறது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 52 மீட்டர். தரையைத் தொடும் இடம் ஓடுபாதை முனைக்கு முந்நூறு மீட்டர் உள்ளே. அப்படியானால் முனைக்கு 2 கிலோமீட்டர் இருக்கும்போது விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கும்? 120 மீட்டர்! பச்சை ஆகாயத்தில் டிரோனுக்கு விட்ட உச்ச வரம்பு எதுவோ, சரியாக அதே உயரம். 8 கிலோமீட்டரில் அது 430 மீட்டருக்கு மேல் இருக்கும். பின்னே அங்கே டிரோனுக்கு 60 மீட்டர் என்று ஏன் குறுக்க வேண்டும் என்று கெட்டிக்காரப் பையன் கேட்பான். விமானங்கள் எல்லாம் அந்தச் சரிவுக் கோட்டிலேயே வருவதில்லை. இறங்க முடியாமல் மறுபடி எழும்பிச் சுற்றுவதுண்டு. ஹெலிகாப்டர் வேறு வழியில் வரும். டிரோனும் காற்றில் அடித்துக்கொண்டு போகும். இடையில் விட்ட இடமெல்லாம் இந்தத் தவறுகளுக்கான இடம்.

உயரக் கணக்கில் மற்றொரு சங்கடம் இருக்கிறது. வெளியே அதிகமாகப் பேசப்படாத சங்கடம். பெரிய விமானத்தில் இருக்கும் கருவி காற்றின் அழுத்தத்தைக் கொண்டு கடல் மட்டத்திலிருந்து உயரம் சொல்கிறது. டிரோனோ, தான் கிளம்பின இடத்திலிருந்து உயரம் சொல்கிறது. பீளமேடு விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,320 அடியில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் விமானி ‘1,720 அடி’ என்றும், டிரோன்காரர் ‘400 அடி’ என்றும் சொன்னால், இருவரும் ஒரே உயரத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒருவர் படியில் அளக்கிறார். மற்றொருவர் வள்ளத்தில் அளக்கிறார். மலையில் இது இன்னும் மோசம். மருதமலை போன்ற ஒரு குன்றின் உச்சியில் நின்று டிரோனைக் கிளப்பி, நேர்மட்டமாகப் பள்ளத்தாக்கின்மேல் அனுப்பினால், கருவி மாறாமல் ஒரே உயரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் கீழே தரை சரிந்துகொண்டே போகிறது. டிரோன் தன்னையறியாமல் ஆயிரம் அடிக்கு மேல் போய்விடுகிறது. இருவருக்கும் பொதுவான ஒரு படி வேண்டும். அது அமைகிற வரையில் இடைவெளியை அதிகமாக விடுவது ஒன்றுதான் வழி.

யார் ஒதுங்குவது என்பதில் மட்டும் விதிகள் இட்டேரி நியாயத்தையே பின்பற்றுகின்றன. ஆளேறிய விமானத்துக்கே முதல் வழி. ஆளில்லாத விமானம் அதனின்று விலகியே இருக்க வேண்டும். பார வண்டியில் உயிர்கள் இருக்கின்றன.

மணி கட்டுவது

தடுத்து நிறுத்துவது எளிது. கூடிப் பறக்கச் செய்வதே கடினம். அதற்காக 2021 அக்டோபரில் மத்திய சர்க்கார் ஒரு கொள்கைத் திட்டம் வெளியிட்டார்கள். தரையிலிருந்து 1,000 அடி வரையுள்ள ஆகாயத்தில் டிரோன்களுக்கெனத் தனிப் போக்குவரத்து நிர்வாகம். ஒவ்வொருவரும் எங்கே, எப்போது, எவ்வளவு உயரத்தில் பறக்கப் போகிறார் என்பதைக் கணிப்பொறி வலையில் முன்கூட்டியே பதிவார். வலை அதை மற்றவர்களின் திட்டத்தோடு ஒப்பிட்டு, இடித்தால் சொல்லும். ஹெலிகாப்டர் அவசரமாக வந்தால் அந்தப் பகுதியைக் காலி செய்யச் சொல்லும். ஐரோப்பாவில் இவ்விதமான ஏற்பாட்டுக்குரிய விதிகள் 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தன. நம் 2021 விதிகளிலேயே மூன்று பாதுகாப்பு அம்சங்கள் பேர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன: அனுமதி இல்லாவிட்டால் யந்திரமே கிளம்ப மறுப்பது, தான் இருக்குமிடத்தை விடாமல் அறிவிக்கும் கருவி, தடுத்த எல்லைக்குள் தானே நுழையாமல் நிற்பது. ஆனால் இவற்றைக் கட்டாயமாக்குவதைப் பிற்பாட்டு அறிவிப்புக்கும், அதன்பின் குறைந்தது ஆறு மாத அவகாசத்துக்கும் அந்த விதிகள் விட்டுவைத்தன. நம் அபிப்பிராயத்தில் இரண்டாவதற்கு மற்ற இரண்டையும்விட முதலிடம் தர வேண்டும். மணி கட்டாத மாட்டுக்கு எத்தனை வேலி போட்டும் பிரயோஜனமில்லை.

ஜனங்களுக்குச் சௌகரியம் செய்யும் எண்ணம் சர்க்காருக்கு இல்லை என்று சொல்ல மாட்டோம். 2022 பிப்ரவரியில் பழைய லைசென்ஸ் முறையை எடுத்துவிட்டு, பயிற்சி ஸ்தாபனம் தரும் சான்றிதழே போதும் என்றார்கள். 2023 செப்டம்பரில், பாஸ்போர்ட் வேண்டாம், சர்க்கார் தந்த வேறு அடையாளச் சீட்டும் விலாச அத்தாட்சியும் போதும் என்றார்கள். பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு சோளக்காட்டுக்கு மருந்தடிக்கப் போவதெங்கே? நல்ல காரியந்தான். ஆனால் விதிகளின் மூலம் கெஜட்டில் வந்தது ஹிந்தியிலும் இங்கிலீஷிலும். பத்தாம் வகுப்புத் தேறியவர் டிரோன் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டு, அவர் தமிழில் படித்தவராக இருக்கலாம் என்பதை மறப்பது என்ன நியாயம்? பெருந்துறையிலோ பொங்கலூரிலோ யந்திரம் வாங்கும் மகளிர் குழுவின் கையில், அந்தந்த ஊராட்சியின் ஆகாயம் எந்த வர்ணம், யாருக்கு டெலிபோன் செய்வது, விபத்து நேர்ந்தால் 48 மணிக்குள் எங்கே அறிவிப்பது என்பதெல்லாம் தெளிந்த தமிழில் இருக்க வேண்டும். கால் கிலோவுக்கு உட்பட்ட சிறு டிரோனுக்குச் சான்றிதழ் வேண்டாமென்பது உண்மை. அதனால் விமான நிலையத்தின் பக்கத்திலும் பறக்கவிடலாம் என்று நினைப்பது பொய். இந்த வித்தியாசம் எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

காற்றையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் அடிக்கும் காற்று, பல்லடம் உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவது. அது மருந்தையும் டிரோனையும் அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடும். டில்லியில் அச்சிட்ட பாடத்தோடு, நம் ஊர்க் காற்றும் மலையும் காற்றாலைத் தூண்களும் சூலூர்த் தளமும் பயிற்சியில் சேர வேண்டும்.

ஒழுங்கு ஏற்பட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் ருவாண்டாவைப் பார்க்கலாம். 2016 அக்டோபர் முதல் அங்கே மலைநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு டிரோன் இரத்தம் கொண்டுபோகிறது. நம் தெலுங்கானாவில் விகாராபாத் காட்டுப் பகுதியில் 2021 செப்டம்பரில் மருந்து அனுப்பும் பரிசோதனை நடந்தது. வால்பாறைக்கு மேலே எஸ்டேட்டில் பாம்பு கடித்தவருக்கு விஷமுறி மருந்து கொண்டைஊசி வளைவுகளைச் சுற்றாமல் வந்துசேர வேண்டுமானால், கண்ணுக்கு எட்டாத தூரம் டிரோன் தனியே பறக்க வேண்டும். காட்டுத் தீக்கு வரும் ஹெலிகாப்டரும் அதே மலையில்தான் பறக்கும்.

2022 பிப்ரவரியில் அந்நிய நாட்டு டிரோன்களின் இறக்குமதியைச் சர்க்கார் நிறுத்தினார்கள். ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. உதிரிப் பாகங்கள் வருவதற்குத் தடையில்லை. இந்தியாவில் முதன்முதலாக மின்சார மோட்டார் செய்தது 1937-இல் இந்தக் கோயமுத்தூரில்தான், ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் செய்தார்கள். இன்று பம்பு மோட்டார் செய்யும் பட்டறைகள் பீளமேட்டிலும் கணபதியிலும் எத்தனையோ இருக்கின்றன. இருக்குமிடத்தை அறிவிக்கும் அந்தச் சிறு கருவியை, உழவர் கை தாங்கும் விலையில் இங்கேயே செய்து ஒவ்வொரு டிரோனிலும் பூட்ட நம் மெக்கானிக்குகளால் முடியாதா? அதற்கு ரேடியோ அலைவரிசை ஒதுக்க வேண்டியது டில்லி. செய்து காட்ட வேண்டியது பீளமேடு.